மர்சூக்குக்கு அனுப்பிய சோடா

மர்சூக் என்னை 'நீங்கள்' என்று கூப்பிடத் தொடங்கி ஏழு வருடமாகியிருந்தது. மற்றவர்களுக்கு அது மரியாதை. எனக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி. பேசாலையில் பிறந்த நானும் எருக்கலம்பிட்டியில் பிறந்த அவனும் தலைமன்னார் இறங்குதுறையின் சமையல் குசினியில் ஐந்து வருடம் ஒன்றாக வேலை செய்தவர்கள். அந்தக் காலத்தில் 'டேய் அமிர்தம்' என்று அவன் ஒரு கூப்பிடு கூப்பிட்டால் துறையடியில் நிற்கிற காகமெல்லாம் பறக்கும்.

அதைக் கெடுத்தவன் நான்தான். சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆட்கள் அப்பத்துக்கு மாப் புளிக்கக் கள்ளு விடுவார்கள். மர்சூக் விடமாட்டான். அவனுக்கு அது ஹறாம். அப்பச்சோடாதான் போடுவான். "உன்ரை அப்பம் சவர்க்காரம் மாதிரி இருக்கடா" என்று நான் நாளுக்கு நாலு தரம் பகிடி பண்ணுவேன். அவனும் சிரிப்பான். பிறகொரு நாள், அவன் கரைத்து மூடி வைத்திருந்த மாவுக்குள் ஒரு சிரட்டை கள்ளை ஊற்றிவிட்டேன். அவன் அப்பம் சுட்டு இரண்டைத் தின்று, "இண்டைக்கு மா நல்லாப் பொங்கியிருக்கு, என்னடா?" என்று சந்தோஷமாகக் கேட்டான். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் வயிற்றைப் பிடித்துச் சிரித்துச் சிரித்து உண்மையைச் சொன்னேன். பத்துப் பேரும் சிரித்தார்கள்.

அவன் ஏசவில்லை. கிணற்றடிக்குப் போனான். தொண்டைக்குள் விரலை விட்டுச் சத்தி எடுத்தான். வாயைக் கழுவிக்கொண்டே நின்றான், அரை மணித்தியாலம். அடுத்த நாள் காலையில் வந்து, "அமிர்தநாயகம், சீனி எங்கை வைச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டான். அவ்வளவுதான். நானும் வீம்புக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அவனை நான் விடாமல் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டிருந்தால் எப்போதாவது பழையபடி திரும்புவான் என்று ஒரு நப்பாசை.

அறுபத்தோராம் வருடம் மாசி கழிந்து பங்குனி பிறக்கிற நேரம், இரண்டு பேரும் கடலில் இருந்தோம், வேறு வேறு கப்பலில். இந்தியாக் கரையிலிருந்து வருகிற கள்ளத்தோணிகளைப் பிடிப்பதற்குக் காவல் கப்பல்கள் மூன்று மன்னார்க் கடலில் இரவு பகலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அரிசி முடிந்தது, பருப்பு முடிந்தது என்று அவை ஒவ்வொரு தடவையும் துறைக்கு ஓடினால் காவல் யார் காப்பது? அதற்காக வாடகைக்குப் பிடித்த ஒரு பழைய கப்பல் உலருணவு ஏற்றிக்கொண்டு அவற்றைத் தேடித் தேடிப் போய் நடுக்கடலில் கொடுக்கும். எல்லாரும் அதைச் சாமான் கப்பல் என்பார்கள். நான் அதிலே ஸ்ரோர்கீப்பர். அரிசி, மா, சீனி, பருப்பு, செத்தல் மிளகாய், மாசிக்கருவாடு, தேயிலை எல்லாம் என் பொறுப்பு. மர்சூக் காவல் கப்பலொன்றில் கோக்கி, சமையல்காரன்.

எனக்கு ஒரு இடத்தில் இருக்க ஏலாது. பெண்சாதி றஞ்சிதம் சொல்லுவாள், "உங்கடை காலிலை சக்கரம் பூட்டித்தான் மாமி பெத்தவ" என்று. அப்படிப்பட்டவனை நாற்பது அடி நீளச் சாமான் அறைக்குள் அடைத்தால் என்ன நடக்கும்? எல்லாவற்றையும் அவசரமாகச் செய்வேன். எழுத வேண்டியதைப் பாதியில் விடுவேன்.

அந்தப் பழக்கம்தான் என்னைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளியது. அறையில் இரண்டு சோடா இருந்தது. ஒன்று சாப்பாட்டுக்குப் போடுகிற அப்பச்சோடா. மற்றது கோஸ்ரிக் சோடா, அடைத்த குழாயைத் திறக்கவும் எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கவும் பாவிப்பது. தோலில் பட்டாலே வெந்துபோகும், வயிற்றுக்குள் போனால் குடல் மிஞ்சாது. அதைச் சாப்பாட்டுச் சாமானோடு வைக்கவே கூடாது என்பது சட்டம். ஆனால் வெளிப்பெட்டியில் வைத்தால் உப்புக்காற்றுக்குக் கட்டிபட்டுப் போகிறது என்று உள்ளே கொண்டுவந்து வைத்தவன் நான். இரண்டின் பையும் ஈரத்தில் கிழிந்துபோக, இரண்டையும் ஒரே மாதிரியான இரண்டு பிஸ்கற் பேணியில் கொட்டினேன். இரண்டிலும் 'சோடா' என்று எழுதினேன். 'கோஸ்ரிக்' என்று எழுதப் பஞ்சி, சோம்பல். மேல் தட்டில் இருப்பது அப்பச்சோடா, கீழ்த் தட்டில் இருப்பது மற்றது, எனக்குத் தெரியும்தானே என்ற எண்ணம்.

புதன்கிழமை வாடைக்காற்று கடைசியாக ஒரு ஆட்டு ஆட்டியது. தட்டுகளில் இருந்ததெல்லாம் நிலத்தில். பேணி இரண்டும் உருண்டு கிடந்தன. மூடி கழலவில்லை என்று சந்தோஷப்பட்டு, எடுத்துத் திரும்பவும் தட்டில் வைத்தேன். எது எங்கே இருந்தது என்று யோசிக்கவேயில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மர்சூக்கின் கப்பலோடு எங்கள் கப்பலை ஒட்டி அணைத்தோம். மூட்டைகள் வலையில் தொங்கித் தொங்கி அந்தப் பக்கம் போயின. அவர்களுடைய கப்டன் கேட்டிருந்தபடி இரண்டு பெட்டி சோடாப் போத்தலும் போனது. மர்சூக்கின் லிஸ்ற்றில் வழக்கம்போல 'அப்பச்சோடா அரை இறாத்தல்' என்றிருந்தது. மூன்று கப்பலிலும் அவன் ஒருவன்தான் அதைக் கேட்பவன். மேல் தட்டுப் பேணியைத் திறந்து, வெறும் பால்மாப் பேணியொன்றில் அள்ளி நிரப்பினேன். அரை இறாத்தல் கேட்டவனுக்கு முக்கால் இறாத்தல் போட்டேன். நோன்பு காலம், கத்தோலிக்கரான எங்களுக்குத் தவசு காலமும்கூட. அவனுக்கு ஒன்றைக் கூடக் கொடுத்தால் மனம் இளகாதா என்றுதான். பேணியில் 'சோடா, மர்சூக்குக்கு' என்று எழுதி நானே கையில் கொடுத்தேன்.

"நோன்பு எப்பிடிப் போகுது மர்சூக்?"

"அல்லாஹ்வின்ரை கிருபை. நீங்கள் சுகமா இருக்கிறீங்களா?"

"எனக்கென்ன, இருக்கிறன். இண்டைக்கு என்ன சமையல்?"

"நாலு மணித் தேத்தண்ணிக்கு அப்பம். முப்பத்திரண்டு பேர். ராத்திரியே அரிசி ஊறப் போட்டனான்."

பேணியை வாங்கினான், தலையை ஆட்டினான், போய்விட்டான். 'சந்தோசம் மச்சான்' என்று ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நாங்கள் தெற்கே போனோம், அவர்கள் கடலுக்குள் மேடாகக் கிடக்கிற மணல் தீடைப் பக்கம் போனார்கள்.

மதியம் பன்னிரண்டு மணியிருக்கும். எங்கள் கப்பல் கோக்கி இரத்தினம் சாமான் அறைக்கு வந்து, "அண்ணை, குசினியிலை தண்ணி போகுதில்லை. அந்தக் கோஸ்ரிக்கைக் கொஞ்சம் தாங்கோ" என்றான். கீழ்த் தட்டுப் பேணியை எடுத்துக்கொண்டு நானே போனேன். குழாய் வாயில் இரண்டு கரண்டி போட்டுச் சுடுதண்ணீர் விட்டேன். மற்ற நாளென்றால் சீறும், ஆவி பறக்கும், மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டும். இன்றைக்குச் சின்னதாய் நுரைத்தது. அவ்வளவுதான்.

"என்ன அண்ணை, இது சாதுவாக் கிடக்கு?" என்றான் இரத்தினம்.

இன்னும் இரண்டு கரண்டி. ஒன்றுமில்லை. ஒரு துளியை எடுத்து நாக்கில் வைத்தேன். மெல்லிய உப்புக் கரிப்பு.

அது அப்பச்சோடா.

சாமான் அறைக்கு எப்படி ஓடினேன் என்று தெரியாது. மேல் தட்டுப் பேணியில் ஒரு சிட்டிகை எடுத்து ஈரக் கையில் வைத்தேன். பிடித்து நிற்க முடியாமல் சுட்டது. முக்கால் இறாத்தல்! அதையும் தாராளமாக, அன்பாக, என் கையாலேயே அள்ளிக் கொடுத்திருக்கிறேன்.

வயர்லெஸ் அறையில் பியதாச இருந்தான். மாத்தறைப் பக்கத்து ஆள், தமிழ் கொஞ்சம் வரும். "பியதாச, மர்சூக்கின்ரை கப்பலுக்கு உடனை சொல்லு, சோடாவைப் பாவிக்க வேண்டாமெண்டு."

"ஏன் மாத்தயா?"

சொல்லியிருக்க வேண்டும். பேணியிலே இருப்பது நஞ்சு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் சொன்னால் அது கப்பல் பதிவுப் புத்தகத்தில் ஏறும். கோஸ்ரிக் எப்படிச் சாப்பாட்டு அறைக்குள் வந்தது என்று கேட்பார்கள். வேலை போகும். முப்பத்திரண்டு பேர் சாகக் கிடக்கிற நேரத்தில் நான் என் வேலையை நினைத்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"சொன்னதைச் செய்! சோடாவைத் தொட வேண்டாமெண்டு மட்டும் சொல்லு."

அவன் சொன்னான். நான் கதவுக்கும் யன்னலுக்குமாக நடந்தேன். இருபது நிமிடத்தில் பதில் வந்தது. பியதாச அதைக் கேட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"பயப்பட வேணாங். எல்லாங் சரி. நாப்பத்தெட்டுப் போத்தல், ஒண்டுங் தொறக்க இல்ல. கப்டன் பூட்டி வெச்சிட்டாராங்."

"போத்தலா?"

"ஓ, சோடாப் போத்தல்."

அட கோதாரி! இலங்கை முழுக்கத் தமிழனும் சிங்களவனும் சோடா என்றால் போத்தலைத்தானே நினைப்பான்? காலையில் இரண்டு பெட்டியை நானே ஏற்றிவிட்டிருக்கிறேனே! போத்தலெல்லாம் பத்திரமாகப் பூட்டுக்குள், நஞ்சு குசினிக்குள்.

"திரும்பக் கூப்பிடு! கூப்பிடடா!" என்று கத்தினேன்.

அவன் கூப்பிட்டான், கூப்பிட்டான். இரைச்சல் மட்டும் வந்தது. கள்ளத்தோணி வருவதாகத் தகவல் கிடைத்தால் காவல் கப்பல்கள் தீடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வயர்லெஸை மூடிவிடும். "ஆறு மணிக்கித்தான் இனித் தொறக்கும்" என்றான் பியதாச.

ஆறு மணி. அப்பம் நாலு மணிக்கு.

மர்சூக்குக்கு நோன்பு. அதுதான் என்னை உலுப்பியது. மற்றக் கோக்கி என்றால் மாவை ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்ப்பான், நாக்கு வெந்தாலும் மற்றவர்கள் தப்புவார்கள். மர்சூக் பொழுதுபடும்வரை உமிழ்நீரைக்கூட யோசித்து விழுங்குகிறவன். ருசி பார்க்கமாட்டான். அப்படியே முப்பத்திரண்டு பேருக்கும் கொடுப்பான். பொழுதுபட்ட பிறகு தானும் தின்பான்.

கப்டனிடம் போய் நின்றேன். இனி எதை மறைக்கிறது? சட்டத்துக்கு விரோதமாக வைத்தது, எழுதாமல் விட்டது, காரணம் சொல்லாமல் செய்தி அனுப்பியது எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கொட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை விட இரண்டு அடி அடித்திருக்கலாம். வெளியே வந்து, எங்கள் பழைய கப்பலை விட வேகமான மோட்டர்போட்டை இறக்கச் சொன்னார். போட் ஓட்டப் பஸ்ரியன் வந்தான். வங்காலைப் பெடியன் என்று எல்லாரும் சொன்னாலும் நாற்பது வயது, கடலில் பழம் தின்று கொட்டை போட்டவன்.

ஒன்றரை மணிக்குப் புறப்பட்டோம். பன்னிரண்டு மைல். அந்தப் போட் ஓடிய ஓட்டத்துக்கு நான் இறங்கி நீந்தியிருக்கலாம்.

"இன்னும் வேகமா விடு பஸ்ரியன்!"

"இதுதான் அண்ணை வேகம்."

எழும்பினேன். இருந்தேன். முன்னுக்குப் போனேன். பின்னுக்கு வந்தேன். காலால் பலகையை உதைத்தேன்.

"அண்ணை, நீங்கள் உதைக்கிற உதைக்குப் போட் ஓடாது, ஓட்டைதான் விழும். ஒரு இடத்திலை இருங்கோ."

"என்னை இருக்கச் சொல்லாதை! நான் முப்பத்திரண்டு பேரைக் கொலை செய்துபோட்டு வாறன், தெரியுமோ உனக்கு?"

அவன் தன் தொப்பியைக் கழற்றி என்னிடம் தந்தான், வெயில் என்று. அதைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே, மடு மாதாவே, பேசாலையிலிருந்து உன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து வருகிறேன், அவன் இன்றைக்கு அடுப்பு மூட்டக்கூடாது, மா புளிக்கக்கூடாது, எண்ணெய் முடிந்துபோக வேண்டும், ஏதாவது ஒன்று செய் தாயே என்று கெஞ்சினேன். எண்ணெயை ஏற்றிக் கொடுத்தவனும் நான்தான் என்பது பிறகு நினைவுக்கு வந்தது.

மூன்றரைக்குத் தீடையடிக்கு வந்தோம். கப்பல் இல்லை. அடுத்த தீடை. இல்லை. பஸ்ரியன் எழும்பி நின்று கண்ணுக்கு மேலே கை வைத்துப் பார்த்தான். மூன்றாவது தீடைக்குப் பின்னால் சாம்பல் நிறமாய் ஒரு மூக்குத் தெரிந்தது. கிட்டப் போனபோது மணி நாலேகால்.

கப்பலின் மேல்தளத்தில் எல்லாரும் வட்டமாகக் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருவன் கையிலும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை. கோப்பையில் அப்பம்.

கயிற்றேணியில் ஏறினேனோ பறந்தேனோ தெரியாது. முதலில் அகப்பட்டவனுடைய கோப்பையைத் தட்டிவிட்டேன். அது உருண்டு கடலில் விழுந்தது. அடுத்தவன் வாயில் வைத்ததைக் கையால் பிடுங்கினேன். "துப்புங்கோ! எல்லாரும் துப்புங்கோ! நஞ்சு! ஐயோ, தின்னாதேங்கோ!" தமிழ் தெரிந்தவன் வாயைத் திறந்தபடி நின்றான். தெரியாதவர்கள் இரண்டு பேர் என் கையைப் பின்னால் முறுக்கினார்கள். எவனோ ஒருவன் "பிஸ்ஸு, பிஸ்ஸு" என்றான். விசர், பைத்தியம் என்று அர்த்தம். விசர்தான், அந்த நேரம் எனக்கு வேறென்ன?

"என்ன அமிர்தநாயகம், ஏன் கத்துறீங்கள்?"

குசினி வாசலில் மர்சூக் நின்றான். வலது கையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

"மர்சூக், அந்தச் சோடா..."

"தெரியும். அவையை விடச் சொல்லுறன். உள்ளுக்கு வாங்கோ."

அவன் சிங்களத்தில் ஏதோ சொல்ல, என் கையை விட்டார்கள். பின்னால் போனேன். குசினி மூலையில் இருந்த அலுமினியச் சட்டியை அவன் காலால் தள்ளிக் காட்டினான். அதன் அடி கறுத்து, அரித்து, இரண்டு ஓட்டை விழுந்து கிடந்தது.

"மத்தியானம் பால் அடிப்பிடிச்ச சட்டி. நீங்கள் தந்ததைப் போட்டுத் தேய்ச்சன். புசுபுசுவெண்டு பொங்கிச்சுது. ரெண்டு விரல் வெந்துபோச்சு. அப்பதான் இது வேறை சாமான் எண்டு விளங்கிச்சுது. வயர்லெஸிலை சொல்லுவமெண்டால் மூடிப்போட்டாங்கள்."

"அப்ப அப்பத்துக்கு?"

"அப்பத்துக்கு வீட்டிலை பெண்சாதி றஹீமா கடதாசியிலை சுத்தித் தந்துவிட்ட சோடா இருக்கு. எப்பவும் அதுதான்."

"எப்பவுமோ?"

அவன் சட்டியைத் திரும்ப மூலைக்குத் தள்ளினான். "அரிசி வரும், மா வரும், எல்லாம் தைச்ச மூட்டை. அதிலை எனக்கொரு பயமுமில்லை. நீங்கள் கையாலை அள்ளித் தாறதை மட்டும் நான் ஒருநாளும் சாப்பாட்டிலை போட்டதில்லை. சட்டி கழுவத்தான். சட்டி கழுவவும் சோடா வேணும்தானே?"

ஆக, இவ்வளவு காலமும் நான் பார்த்துப் பார்த்து அனுப்பிய சோடாவெல்லாம் பிசுக்குத் தேய்க்கப் போயிருக்கிறது! இன்னொரு நாளென்றால் அதற்கே சண்டைக்குப் போயிருப்பேன். அன்றைக்கு நிலத்தில் இருந்துவிட்டேன். வெளியே முப்பத்திரண்டு பேரும் தேத்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பற்றிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதைவிட நல்ல சத்தத்தை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. ஆனால் அவர்கள் உயிரோடு இருப்பது, இவன் என்னை நம்பாததால்.

"விரலைக் காட்டு" என்றேன்.

"அது ஆறிப்போகும்."

"மர்சூக், அந்தக் கள்ளு... நான் செய்தது பெரிய பிழை மச்சான். பகிடியெண்டு நினைச்சுச் செய்தன். நீ கிணத்தடியிலை நிண்டதைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். வந்து கேட்டிருக்க வேணும். என்னை மன்னிச்சுக்கொள்."

அவன் அடுப்புப் பக்கம் திரும்பினான். கோப்பையொன்றில் கிடந்த மாவில், கடதாசிப் பொட்டலத்திலிருந்து வெள்ளைத் தூள் ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டான், கரைத்தான், அப்பத் தாச்சியில் ஊற்றி இடது கையால் சுழற்றினான். மூடினான். அப்பம் ஓரம் சிவந்து வந்தது. எடுத்துக் கோப்பையில் வைத்து என் முன்னால் நீட்டினான்.

"காலமையிலையிருந்து ஒண்டும் தின்னேல்லை எண்டு மூஞ்சை சொல்லுது."

உண்மைதான். வெள்ளிக்கிழமை, தவசு, ஒருசந்தி விரதம். பசியில் காது அடைத்திருந்தது. கையை நீட்டி ஒரு துண்டைக் கிள்ளினேன். வாய்க்குக் கொண்டுபோனேன்.

கை நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று எனக்கே தெரியாது. அந்த வெள்ளைத் தூள் கண்ணில் நின்றது. அரித்த சட்டி கண்ணில் நின்றது. இவனுக்கு நான் செய்ததற்கு இவன் எனக்கு என்ன செய்தாலும் தகும் என்று எங்கேயோ அடிவயிற்றில் ஓர் எண்ணம். அரை நொடிதான்.

மர்சூக் அதைக் கண்டுவிட்டான். என் கையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். பிறகு சிரித்தான். ஏழு வருடத்துக்குப் பிறகு கேட்கிறேன் அந்தச் சிரிப்பை.

"பாத்தியா? நீ அனுப்பின ஒவ்வொரு பேணியைத் திறக்கேக்கையும் எனக்கு இப்பிடித்தான் இருந்தது."

என் கண் நிறைந்துபோனது. துண்டு விரலிலேயே இருந்தது. அவன் வெந்த கையால் என் கையைப் பிடித்து வாய்ப்பக்கம் தள்ளினான்.

"தின்னடா அமிர்தம், ஆறப்போகுது."

தின்றேன்.